சி.ஐ.ஓ. ஆகப் போகிறேன் என்கிற பிள்ளை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருந்தன. தம்பி கணினிப் படிப்பில் கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டார், ஆனால் கூடப் படிக்கிறவர்களுக்கு இருக்கிற கோடிங் வெறி அவருக்கு இல்லை. கேட்டால், "நான் கோடிங் வேலைக்குப் போக மாட்டேன், சி.ஐ.ஓ. ஆகப் போகிறேன்" என்கிறார். அது உண்மையிலேயே ஒரு வேலையா, இல்லை தப்பித்துக்கொள்ளச் சொல்கிற சாக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைதான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் படித்து முடித்த கையோடு யாரும் உட்கார வைக்கிற நாற்காலி அல்ல அது. பெரும்பாலும் பதினைந்து, இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு கிடைப்பது. அதனால் "ஆக முடியுமா" என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். முதல் வேலை எதுவாக இருந்தால் அந்தப் பக்கம் போகும் என்பதைப் பார்ப்போம்.

சி.ஐ.ஓ. என்றால் தலைமைத் தகவல் அதிகாரி. ஒரு நிறுவனத்தில் சம்பளம் போடுவது, கணக்கு எழுதுவது, சரக்கு இருப்பைப் பார்ப்பது, வாடிக்கையாளர் விவரத்தை வைத்திருப்பது எல்லாம் இன்று மென்பொருள்தான். அரசுத் துறையில் மனு வாங்குவது, வரி வசூலிப்பது, உதவித்தொகை அனுப்புவதும் அப்படியே. இவை அத்தனைக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோருடைய விரலும் நீளும் ஆள் அவர். சி.டி.ஓ., அதாவது தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி, என்று இன்னொரு பதவி உண்டு. அது பெரும்பாலும் நிறுவனம் வெளியே விற்கிற தொழில்நுட்பத்தைப் பார்ப்பது. சி.ஐ.ஓ. பார்ப்பது நிறுவனம் எதை வைத்து ஓடுகிறதோ அதை. சில இடங்களில் இரண்டும் ஒரே ஆளின் தலையில்தான் இருக்கும்.

ரொம்பப் பழைய பதவியும் இல்லை. 1980களில்தான் இந்தப் பெயர் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது. அதற்கு முன்பெல்லாம் கணினிப் பிரிவு மேலாளர் என்று ஒருவர் இருப்பார், பல இடங்களில் கணக்குப் பிரிவுத் தலைவருக்குக் கீழே. அமெரிக்காவில் 1996இல் வந்த கிளிங்கர்-கோஹன் சட்டம், மத்திய அரசுத் துறைகளுக்குத் தலைமைத் தகவல் அதிகாரி இருந்தே ஆக வேண்டும் என்றது. கம்ப்யூட்டர் வாங்கிப் போடுவது வேறு, அதற்குச் செலவழிக்கும் பணத்துக்கும் கிடைக்கும் பலனுக்கும் பதில் சொல்வது வேறு என்று அரசே ஒத்துக்கொண்டதாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

சரி, சி.ஐ.ஓ. நாள் முழுக்க என்ன செய்வார்? தம்பி மனதில் பெரிய மேசை, பெரிய திரை என்று ஏதாவது படம் ஓடிக்கொண்டிருக்கலாம். நடப்பதில் பாதி, கூட்டங்களில் உட்கார்ந்து கேள்வி கேட்பது. உதாரணத்துக்கு ஒன்று. பெரிய நிறுவனங்களில், ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளில் எதை மாற்றினாலும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். அதற்கென்றே கூட்டம் உண்டு. சம்பள மென்பொருளில் ஒரு சின்னத் திருத்தம், வெள்ளிக்கிழமை இரவு போட்டுவிடலாம் என்று குழு வந்து நிற்கிறது. சோதனை முடிந்தது, எல்லாம் பச்சை என்கிறார்கள். நல்ல தலைவர் அந்தத் திருத்தத்தைப் பற்றி அதிகம் கேட்க மாட்டார். "தப்பாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? அதை ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறீர்களா, இல்லை காகிதத்தில்தான் இருக்கிறதா? அன்று இரவு யார் விழித்திருப்பார்கள்? சம்பளத் தேதி என்றைக்கு?" கடைசிக் கேள்விக்கு, "அடுத்த செவ்வாய்" என்று பதில் வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. சம்பளம் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வரி கோடிங் கூட இல்லை, பாருங்கள். ஆனால் ஒரு அப்டேட் நடுராத்திரியில் சொதப்பி, அதைச் சரிசெய்யப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனுபவம் இல்லாதவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றாது. தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கோடிங் பிடிக்காதது பெரிய குறை இல்லை, ஆனால் மென்பொருள் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே போகாமல் மேலே போய்விடலாம் என்று நினைத்தால் அது நடக்காது.

கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கியைச் சொல்லலாம். 2018 ஏப்ரலில் அந்த வங்கி, சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு ஒரே வார இறுதியில் மாற்றியது. தரவு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. புதிய அமைப்புதான் சுமை தாங்கவில்லை. மக்களால் சொந்தக் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. கிளைகளிலும் தொலைபேசியிலும் கூடச் சேவை தடுமாறியது. எல்லாம் வழக்க நிலைக்கு வர அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. 2022இல் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம். இங்கே தம்பி கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்து நடந்ததை. 2023 ஏப்ரலில், கணக்குகளை மாற்றியபோது சி.ஐ.ஓ.வாக இருந்தவருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விதித்தார்கள். புதிய அமைப்பைக் கட்டி இயக்கியது தாய் நிறுவனத்தைச் சேர்ந்த இன்னொரு நிறுவனம். அது உண்மையிலேயே தயாராக இருக்கிறதா என்று போதுமான உறுதியைப் பெறவில்லை, வெளியே கொடுத்த வேலையைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பதுதான் அவர் மேல் சொல்லப்பட்ட குறை.

"தயார்" என்று யாரோ சொன்னார்கள் என்பது இந்தப் பதவியில் பதில் ஆகாது. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. பெரிய சம்பளத்தின் மறுபக்கம் இது. தம்பிக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அரசாங்கத்தில் இதே வேலை இன்னும் சிக்கலானது. தனியார் நிறுவனம் தனக்கு வேண்டிய வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அரசால் முடியாது. கணினி தெரிந்தவர், தெரியாதவர், கண் பார்வை இல்லாதவர், செல்போனே இல்லாதவர் எல்லோருக்கும் அது வேலை செய்தாக வேண்டும். ஒப்பந்தப்புள்ளி விதி, தணிக்கை, தகவல் கேட்கும் உரிமை, ஆட்சி மாற்றம் எல்லாம் கூடவே வரும். அதிலும் தேதியை அரசியல் தீர்மானித்துவிட்டால் தலைவலிதான். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது லட்சக்கணக்கானவர்கள் வந்து மோதினார்கள். முதல் நாளில் கடைசி வரை போய்ப் பதிவை முடிக்க முடிந்தது வெறும் 6 பேரால் என்று பிறகு வெளிவந்த அரசுக் குறிப்புகள் காட்டின. பல ஒப்பந்த நிறுவனங்கள் வேலை செய்தன, நல்ல பொறியாளர்களும் இருந்தார்கள். பின்னால் வந்த விசாரணை அறிக்கை முக்கியமாகச் சுட்டியது, தெளிவான தலைமை இல்லை என்பதை. எல்லாத் துண்டுகளும் சேர்ந்து ஓடுமா என்று கேட்கும் அதிகாரமும் அறிவும் ஒரே ஆளிடம் இல்லை.

நல்ல உதாரணமும் ஒன்று சொல்கிறேன், பயமுறுத்துவதாக நினைக்கக் கூடாது. எஸ்டோனியா சின்ன நாடு. 2001இல் எக்ஸ்-ரோடு என்ற இணைப்பை ஏற்படுத்தினார்கள். ஒவ்வொரு துறையும் தன் தரவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், தேவைப்படுகிற துறை பாதுகாப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். குடிமகனிடம் ஒரு விவரத்தை ஒரு முறைதான் கேட்க வேண்டும் என்பது கொள்கை. 2017இல் அவர்களுடைய அடையாள அட்டைச் சில்லில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரியவந்தது. சுமார் 7.6 லட்சம் அட்டைகள் அதில் அடங்கும். உண்மையில் யாரும் அதைப் பயன்படுத்தித் திருடியதாகத் தெரியவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். அவர்கள் செப்டம்பரில் மக்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள், நவம்பர் தொடக்கத்தில், புதுப்பிக்கப்படாத அட்டைகளின் மின்னணுச் சான்றுகளை நிறுத்தினார்கள். தொழில்நுட்பத்தைவிட, எப்போது யாரிடம் எதைச் சொல்வது என்பதில்தான் அங்கே தலைமை தெரிந்தது. எனக்குப் பிடித்த உதாரணம் இது.

இனி வேலைவாய்ப்பு. அமெரிக்க மத்திய அரசு ஐ.டி.க்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கிறது. அதில் சுமார் 80 சதவீதம் ஏற்கெனவே இருக்கிற அமைப்புகளை ஓட்டவும் பராமரிக்கவுமே போகிறது என்று அவர்களுடைய தணிக்கை அலுவலகம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. புதிதாகக் கட்டுவதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். தனியார் பெரு நிறுவனங்களிலும் பராமரிப்புதான் பெரும்பங்கைத் தின்கிறது. மாணவர்கள் எல்லோரும் புதிதாகக் கட்டும் வேலைக்குத்தான் முண்டியடிக்கிறார்கள். ஓட்டுகிற பக்கம் ஆள் தேவை எப்போதும் உண்டு, அங்கே இருப்பவருக்கு நிறுவனத்தின் உள்சமாசாரம் முழுக்கத் தெரியவரும். தம்பியின் சுபாவத்துக்கு அந்தப் பக்கம் பொருந்தும் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. கல்லூரி விழாவுக்கு டிக்கெட் பதிவை அவர்தான் ஒழுங்கு பண்ணினார், பணம் கட்டியும் பெயர் வராதவர்கள் எல்லோரும் அவரைத்தான் தேடி வந்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே. அது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே முதல் வேலையாக, பயனர் உதவி மேசை, சிஸ்டம் நிர்வாகம், மென்பொருள் சோதனை, ஈ.ஆர்.பி. (கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) அமல்படுத்தும் குழு, ஐ.டி. தணிக்கை, பிசினஸ் அனலிஸ்ட் (நிறுவனத்துக்கு என்ன தேவை என்று கேட்டு மென்பொருள் குழுவுக்குச் சொல்பவர்) இவற்றில் எது வந்தாலும் தட்டிக்கழிக்க வேண்டாம். உதவி மேசை என்றதும் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒரு மென்பொருளை உண்மையான மனிதர்கள் எப்படித் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை அங்கே கற்றுக்கொள்ளுகிற அளவுக்கு வேறு எங்கும் கற்க முடியாது. ஆனால் ஒரே மேசையில் ஐந்தாறு வருடம் தேங்கிவிடக் கூடாது. இரண்டு, மூன்று வருடத்தில் அடுத்த படிக்கு, அதாவது திட்ட மேலாண்மைக்கோ பாதுகாப்புக்கோ தணிக்கைக்கோ நகர வேண்டும்.

நீங்கள் கேட்டிருந்த அந்த விலை உயர்ந்த தலைமைத்துவ டிப்ளமோ இப்போது வேண்டாம். பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கான படிப்பு அது. இப்போது படித்தால் சான்றிதழ் வரும், புரிவதற்கான அனுபவம் இருக்காது. ஏதாவது ஒன்று படித்தே ஆக வேண்டும் என்றால் ஐ.டி. சேவைகளை நடத்தும் முறைகளைச் சொல்லித்தரும் ஐ.டி.ஐ.எல். அடிப்படைத் தேர்வு போதும், அதற்கு முன் அனுபவம் கேட்பதில்லை. நான் மேலே சொன்ன மாற்ற அனுமதிக் கூட்டம், பழுது வந்தால் யாருக்குச் சொல்வது போன்ற நடைமுறைகள் அதில் வரும். தணிக்கைப் பக்கம் சி.ஐ.எஸ்.ஏ., பாதுகாப்புப் பக்கம் சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்று மதிப்புள்ள சான்றுகள் உண்டு. இரண்டுக்கும் பொதுவாக ஐந்து ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். அதனால் அவை பின்னால். எம்.பி.ஏ.வும் அப்புறம்தான்.

இப்போதே செய்ய வேண்டியவை வேறு. கணக்கியலில் ஒரு தாள் விருப்பப்பாடமாகக் கிடைத்தால் எடுக்கச் சொல்லுங்கள். லாப நட்டக் கணக்கு வாசிக்கத் தெரியாத ஐ.டி. ஆளை நிதித் தலைவர் ஐந்து நிமிடத்தில் மடக்கிவிடுவார். தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். நன்றாகத் தெரிந்திருக்கட்டும். ஏதாவது ஒரு மொழியில் சின்ன நிரல் எழுதும் அளவுக்குக் கோடிங்கும் வேண்டும், வெறி வேண்டாம். அப்புறம் எழுத்து. ஒரு பழுது ஏன் வந்தது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள், மறுபடி வராமல் என்ன செய்தோம் என்பதை தொழில்நுட்பம் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுதத் தெரிந்த இளைஞரை மேலதிகாரிகள் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். விழா டிக்கெட் குளறுபடியைப் பற்றியே அப்படி ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். நேர்காணலுக்குக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்து இதையெல்லாம் எடுத்துக்கொண்டுவிடாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். உதவி மேசையின் எளிய கேள்விகள் சில போகும், போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் எந்தத் தரவை எந்தக் கருவியிடம் கொடுக்கலாம், அது தப்பாகச் சொன்னால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் சி.ஐ.ஓ.வின் மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன. வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

வேலை வாய்ப்பு வரும்போது சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா" என்பார்கள். அப்போது தம்பி தயங்காமல் கேட்கட்டும்: உங்கள் ஐ.டி. தலைவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? கடைசியாகப் பெரிய பழுது எப்போது வந்தது, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்? புதிதாகச் சேர்பவர் பயனர்களை நேரில் சந்திப்பாரா? முதல் கேள்விக்கு நிர்வாக இயக்குநர் என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. இரண்டாவதற்கு "எங்களுக்குப் பழுதே வராது" என்று சொன்னால், அந்த இடத்தில் சேருவதற்கு முன் இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள்.