தாள் எரிகிற வயலும் டாரன்டுலாவும்

அன்புள்ள ஐயா,
பக்கத்து கேலக்ஸியில் இருக்கும் டாரன்டுலா நெபுலா என்ற வாயு மேகத்தின் படம் பார்த்தேன். நடுவில் நட்சத்திரக் கூட்டம், அதைச் சுற்றி வெறும் பள்ளம், ஓரத்தில் சிவந்த மேகம். அறுத்த வயலில் தாளுக்குத் தீ வைத்தால் நடுவே கருகி, ஓரம் மட்டும் எரிந்துகொண்டே போகுமே, அது போலிருந்தது. மேகத்தை நட்சத்திரங்கள் எரிக்கின்றனவா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

அன்புள்ள வாசகிக்கு,

உவமை அருமை, ஆனால் அங்கே தீ கிடையாது. வீட்டில் பழைய டியூப் லைட் இருக்கிறதா? உள்ளே பாதரச ஆவி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைத்தான் தருகிறது; கண்ணாடியில் பூசிய பொடி அதை வாங்கி வெளிச்சமாக்குகிறது. நெபுலாவில் பொடியின் வேலை ஹைட்ரஜனுக்கு. கதிர் பட்டால் அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்ந்துபோகும். மறுபடி ஒன்று வந்து ஒட்டிப் படிப்படியாக இறங்கும்போது வருவதுதான் அந்தச் சிவப்பு. நம் சூரியனால் இது முடியாது, அவ்வளவு புற ஊதா அதனிடம் இல்லை. அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஆர்136ஏ1 என்ற ஒரே நட்சத்திரம் சுமார் 200 சூரியன்களின் எடை.

பள்ளம் வேறு கதை. இப்படிப்பட்ட நட்சத்திரங்களிலிருந்து விநாடிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று, அதாவது நட்சத்திரமே உமிழும் வாயு, வீசி, சுற்றியுள்ள மேகத்தை ஒதுக்குகிறது. கொள்ளிடத்து வெள்ளம் ஒரு கரையை அரித்து, அந்த மண்ணையே கீழே திட்டாகப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் ஒதுக்கப்பட்ட வாயு ஓரத்தில் திரள்கிறது, சில இடங்களில் புது நட்சத்திரமும் பிறக்கிறது. ஆக, நட்சத்திரங்கள் பிறந்த வீட்டை இடிக்கின்றன என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன், எரிக்கின்றன என்றால் மாட்டேன். இவை சில மில்லியன் வருடங்களே இருக்கும், பிறகு பெரும்பாலும் வெடித்துவிடும். டாரன்டுலாவின் ஓரத்தில் ஒன்று வெடித்தது 1987 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வெளிச்சம் இங்கே வந்து சேரத்தான் 1,60,000 வருடங்களுக்கு மேல்!

அப்புறம், உங்களுக்குக் கோடியக்கரை பக்கம்தானே? தை மாத அமாவாசையை ஒட்டி, இரவு ஒன்பது மணி வாக்கில், ஓரியன் விண்மீன் குழுவின் வரிசையான மூன்று நட்சத்திரங்கள் உச்சிக்கு வந்ததும் நேர் தெற்கே கடலைப் பாருங்கள். கையை நீட்டி மடக்கினால், தொடுவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் டாரன்டுலா. அதற்கு மேல் அது ஏறாது. பைனாகுலர் அவசியம். சிவப்பாக இருக்கும் என்று போகாதீர்கள், தெரிந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு புகைத் துண்டுதான். நான் போன இரவில் ஒரே பனிமூட்டம், கடலே தெரியவில்லை.