பதில்: வீட்டில் அடித்த வேர்ட் கோப்பை ஜெராக்ஸ் கடையில் திறந்தால் தமிழ் ஆங்கிலக் குப்பையாக வருகிறது

கோப்பு கெடவில்லை, பயப்படாதீங்க. நீங்கள் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. பாமினி யூனிகோடு அல்ல; யூனிகோடு என்பது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை. 'அம்மா'வை அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமிக்கும். தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டுமே.

நாளைக்கே அச்சு வேண்டுமென்றால் வீட்டிலேயே 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள். பக்கமும் நகராது. கடைக்காரர் கேட்டாலும் வேர்ட் கோப்பைக் கொடுக்காதீங்க!

நிதானமாக, யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கும். மாற்றும் முன் ஆங்கிலச் சொற்களை மட்டும் தனியே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் அவையும் தமிழாகிக் குழம்பும். பிறகு தலைப்புகளுக்கு ஒவ்வொன்றாக போல்டு போடாமல் வேர்டின் 'ஹெடிங் 1' ஸ்டைலை, அதாவது தலைப்புகளுக்கான பொது வடிவமைப்பை, மாற்றுங்கள். அதில் தமிழுக்கான எழுத்துரு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் இருக்கும்; மேலே உள்ளது ஆங்கிலத்துக்கு.