செடி நோயை எதிர்க்கவும் ஏ.டி.பி. வேண்டுமா?

கேள்வி: செல் சுவாசம் ஒரு பாடம், தாவர நோய்கள் வேறொரு பாடம் என்று தனித்தனியாகப் படிக்கிறோம். நோயை எதிர்க்கச் செடிக்கு ஏ.டி.பி. தேவையா? இரண்டுக்கும் என்ன தொடர்பு?

தேவை, அதுவும் நிறைய. ஏ.டி.பி. என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு; செல் சுவாசத்தில் அது உண்டாகிறது. மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறேன். இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டுமே மனதில் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் உடம்பில் ரத்தத்தோடு சுற்றிவந்து கிருமியைப் பிடிக்க வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. செடிக்கு அப்படி எதுவும் கிடையாது. கிருமி எந்தச் செல்லுக்குள் நுழையப் பார்க்கிறதோ அந்தச் செல்லும் அதன் அக்கம்பக்கமும்தான் சமாளிக்க வேண்டும். அதற்கான ஆற்றலைச் சுவாசம் தருகிறது. பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று விடைத்தாளில் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. செல்லுக்குள் சுவாசம் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா இரவு பகல் எந்நேரமும் வேலை செய்கிறது. வெளிச்சமே காணாத வேருக்கும் கிருமி வருகிறதே!

நெல்லின் குலை நோயை எடுத்துக்கொள்வோம். இலைமேல் விழுந்த பூஞ்சை வித்து ஈரத்தில் முளைத்து, நுனியில் சின்னக் குமிழ் ஒன்றை உண்டாக்கும். அதற்குள் கிளிசரால் சேர்ந்து தண்ணீரை இழுக்க, அழுத்தம் 80 வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம்தான். அந்த அழுத்தத்தில் இலையின் தோலைத் துளைத்துக்கொண்டு பூஞ்சை உள்ளே இறங்குகிறது.

இனி செல்லின் பக்கம் வருவோம். பூஞ்சைச் சுவரிலிருந்து உதிரும் கைட்டின் துணுக்குகளைச் செல் சவ்விலுள்ள ஏற்பிகள் கண்டுகொள்ளும். அந்தச் சேதி கைனேஸ் நொதிகள் வழியாக உள்ளே போகிறது. ஒரு கைனேஸ் அடுத்த புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும். அந்தப் பாஸ்பேட் ஏ.டி.பி.யிலிருந்து வருவது. ஆக, சேதி சொல்வதற்கே செலவு ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் புதுப் புரதங்கள் வேண்டும். ஒரே ஒரு அமினோ அமிலத்தைச் சங்கிலியில் சேர்க்க, ஏ.டி.பி. போன்ற மூலக்கூறுகளில் உள்ள உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் 4 செலவாகின்றன. செல் சுவரைத் தடிப்பாக்க லிக்னினும் வேண்டும். சுவாசத்தில் குளுக்கோஸை உடைக்கும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸில் பார்த்த பாஸ்போ ஈனால் பைருவிக் அமிலம் நினைவிருக்கிறதா? லிக்னின் உருவாகும் பாதையின் தொடக்கப் பொருள்களில் அதுவும் ஒன்று. சுவாசப் பாதையிலிருந்து ஆற்றலும் கிடைக்கிறது, கட்டுமானப் பொருளும் கிடைக்கிறது.

நோய் தாக்கிய இலையில் சுவாச வேகம் கூடுவதற்கு இதெல்லாம் காரணம். எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தில் அது சட்டென்று ஏறிச் சீக்கிரம் இறங்கிவிடும். நோய்க்கு ஆளாகும் ரகத்தில் மெதுவாக ஏறி நீண்ட நேரம் நீடிக்கும். எதிர்க்கும் ரகத்தில் தாக்கப்பட்ட செல்கள் தாமே செத்து, பூஞ்சை மேலே பரவாமல் தடுப்பதும் உண்டு. வயலிலேயே இதைப் பார்க்கலாம்: அந்த இலையில் குண்டூசித் தலை அளவு பழுப்புப் புள்ளியோடு நோய் நின்றிருக்கும். மற்ற ரகத்தில் நடுவில் சாம்பல் நிறத்தோடு கண் வடிவப் புண் விரியும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஏ.டி.பி. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொருள். செல் காயப்பட்டால் அது வெளியே கசியும். அப்படிக் கசிந்த ஏ.டி.பி.யைச் செடிகள் ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கின்றன. இதை உணரும் டார்ன்1 என்ற ஏற்பியை, அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பத்துச் செடியில், அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் கண்டுபிடித்தார்கள்.

சரி, இவ்வளவு நல்ல பாதுகாப்பை ஏன் எப்போதும் முழு வீச்சில் வைத்திருப்பதில்லை? செலவு கட்டுப்படியாகாது. அதே அராபிடாப்சிஸில் ஆர்.பி.எம்.1 என்ற எதிர்ப்பு மரபணு உள்ள செடிகளையும் அது இல்லாத செடிகளையும், அந்த மரபணு எதிர்க்கும் நோய்க்கிருமி இல்லாத வயலில் வளர்த்துப் பார்த்தார்கள். மரபணு உள்ளவை 9 சதவீதம் குறைவாக விதை கொடுத்தன என்று 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. விதைக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு பாதுகாப்புக்குப் போய்விடுகிறது.

தேர்வுக்கு ஒரு சிறு குறிப்பு: ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏ.டி.பி. என்பதில் பழைய கணக்கு 36 அல்லது 38, இன்றைய கணக்கு 30 முதல் 32. உங்கள் பாடநூலில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.