தங்கவயலில் எஞ்சியவை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கட்டடங்கள் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்ற மாதம் நண்பர்களோடு ஓசூரிலிருந்து பைக்கில் கோலார் தங்கவயலுக்குப் போய்வந்தேன். யூட்யூபில் 'பேய் நகரம்' என்று ஒரு வீடியோ பார்த்ததுதான் காரணம். துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள், கூரை போன வெள்ளைக்காரர் பங்களாக்கள், சயனைடு மேடுகள் என்று நூறு படங்களாவது எடுத்திருப்பேன். கிளம்பும்போது ஒரு பெரியவர், "கோபுரத்தை எல்லாரும் புடிச்சிக்கினு போறாங்க. எங்க லைனை யாரும் புடிக்கிறதில்ல தம்பி" என்றார். அதன்பிறகு அந்தப் படங்களைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. இடிபாடுகளை ரசிப்பது தவறா? அந்த இடத்தில் உண்மையில் என்னதான் மிஞ்சியிருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரசித்ததில் தவறில்லை. பழைய சுவரைக் கண்டால் நின்று பார்க்கிறவன்தான் நானும். ஆனால் அந்தக் கூச்சம் சரியானது. 'பேய் நகரம்' என்ற சொல்லை நான் மனதார வெறுக்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படியே அங்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். கைவிடப்பட்டவை சுரங்கமும் ஆலையும் பங்களாவும். தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இன்றும் அடுப்பு எரிகிறது.

நீங்கள் படமெடுத்த கோபுரத்திலிருந்தே தொடங்குகிறேன். அதன் உச்சியில் ஒரு பெரிய சக்கரம் இருந்திருக்கும். அதன்மேல் ஓடிய இரும்பு வடத்தில்தான் கேஜ் என்கிற கூண்டு தொங்கியது. ஆட்களைக் கீழே இறக்கியதும் கல்லை மேலே ஏற்றியதும் அதுதான். கோபுரம் என்பது கிணற்றின் மேல் நிற்கும் ராட்டினம் மாதிரி, பார்க்கவேண்டியது கிணற்றை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல்.

ஏன் அவ்வளவு ஆழம்? 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபிறகு தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லுக்கு 47 கிராம் வரை பொன் கிடைத்தது. போகப்போக அது குறைந்துகொண்டே வந்து கடைசியில் 3 கிராமில் நின்றது. பொன் இளைக்க இளைக்கக் குழி நீண்டது. அந்தக் குழிக்காகத்தான் 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து, சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

கேஜில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த தமிழ் பேசும் தலித் மக்கள். பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி வந்தவர்கள். என் அம்மாவின் தாய்மாமா அங்கே வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவரிடம் "பயமா இருக்காதா மாமா?" என்று கேட்டிருக்கிறேன். "ஊர்ல ஆண்டைக்கு முன்னால நிக்கிற பயத்தை விடவா?" என்று திருப்பிக் கேட்டார். அது எனக்கு விளங்கப் பல வருடங்களாயின.

மாமா அப்படிச் சொன்னாரென்று சுரங்கத்தைக் கருணையுள்ள இடமாக நினைத்துவிடாதீர்கள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே வீடுகளும் அதிரும். யார் வீட்டு ஆள் கீழே இருந்தார் என்று லைன் முழுக்கக் கேட்டுக்கொண்டு ஓடும். தப்பியவர்களின் நுரையீரலைக் கல்தூசி பிடித்தது. 1940-களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்கிற அந்தக் கல்தூசி நோய் இருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவு! இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கோபுரப் படத்தை மறுபடி பாருங்கள்.

அதே மக்கள் சும்மா இருக்கவுமில்லை. ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, 1930-ல் வேலையை நிறுத்தினார்கள். அதற்கும் முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்தம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியிருந்தது. அவருடைய எழுத்துகளை நூல்களாக்கிய சித்தார்த்தா புத்தகசாலை சாம்பியன் ரீஃபில்தான் இருந்தது. பகலில் பாறை உடைத்தவர்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பதிப்பித்திராவிட்டால் அயோத்திதாசரில் எவ்வளவு நம் கைக்கு வந்திருக்குமோ. தங்கவயலிலிருந்து தமிழுக்குக் கிடைத்த பெரிய கொடை இது என்றே நினைக்கிறேன். கோபுரத்தைக் காட்டும் வீடியோ எதிலும் இது வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1965-ல் அதே சாம்பியன் ரீஃபில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினரும் ஜப்பானிய, ஆங்கிலேய இயற்பியலாளர்களும் கருவிகளை நிறுத்தி, காற்றுமண்டலத்தில் பிறந்து, பாறையையும் ஊடுருவி வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் நடந்த சோதனையும் அதே ஆண்டில் அதைக் கண்டது. மற்ற அண்டக்கதிர்களைத் தடுத்து நிறுத்த அத்தனை கனமான பாறை தேவைப்பட்டது. தொழிலாளர்கள் குடைந்து வைத்த இருட்டுதான் அந்த ஆய்வகம்.

2001 பிப்ரவரி 28-ல், சுரங்கத்தைக் கடைசியாக நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. எடுக்கும் செலவுக்குத் தங்கத்தின் விலை கட்டவில்லை என்பது காரணம். இறைப்பது நின்றதும் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. நியூட்ரினோவைக் கண்ட அறையும் இப்போது அதற்கு அடியில்தான். மேலே மிஞ்சியவை சுமார் 3.3 கோடி டன் கழிவு மேடுகள். மாவாய் அரைத்த கல்லில் சயனைடு விட்டுப் பொன்னைக் கரைத்தெடுத்தபின் கொட்டியவை. சயனைடு வெயிலில் பெரும்பாலும் சிதைந்துவிடும், தூசி சிதையாது. காற்றடிக்கும் மாதங்களில் அது லைன் வீடுகளின் சோற்றுத் தட்டு வரை வருகிறது. சினிமாக்காரர்கள் பாலைவனம் காட்ட வரும் மேடு அதுதான்.

அடுத்த முறை பைக் வேண்டாம். வேலைநாள் ஒன்றில் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் போகும் மாலை ரயிலில் ஏறுங்கள். உட்கார இடம் கிடைக்காது. விடியுமுன் கிளம்பிப் போய் பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்புகிற சுரங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். பங்காருப்பேட்டை தாண்டினால் கோரமண்டல், ஊரகம், சாம்பியன், மாரிக்குப்பம். அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து, அவர் காட்டுகிற இடத்தில் நின்று அவருடைய லைனைப் படமெடுங்கள். ஒரு பிரதி அச்சுப்போட்டு அவரிடம் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.