ஆர்.டி. 350: 84 வாங்கலாமா, 85 வாங்கலாமா?

மேலூரிலிருந்து: அண்ணே, 1984 மாடல் ஒன்று, 85 ஒன்று, இரண்டு ராஜ்தூத் ஆர்.டி. 350 பைக் விலைக்கு வருகிறது. எதை எடுக்க?

84 என்றால் ஹை டார்க், அதாவது பவர் கூடிய இன்ஜின், 30.5 குதிரைத்திறன். 85-இல்தான் மைலேஜுக்காகப் பவரைக் குறைத்து 27-க்கு இறக்கிய லோ டார்க் வந்தது. அதனால் 85 வண்டி எந்தப் பக்கமும் இருக்கலாம், ஆர்.சி. புக்கில் உள்ள வருஷம் மட்டும் பதில் சொல்லாது. நாற்பது வருஷத்தில் சிலிண்டர் மாறாத வண்டியும் அபூர்வம். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் புக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், அப்புறம் கிராங்க் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீலைப் பாருங்கள். சீல் நன்றாக உள்ள லோ டார்க், சீல் போன ஹை டார்க்கைவிட எவ்வளவோ மேல்.

உசிலம்பட்டியிலிருந்து: லோ டார்க் சிலிண்டரில் புகை வெளியேறும் வாயை, அதாவது எக்ஸாஸ்ட் போர்ட்டை, அரத்தால் ராவி ஹை டார்க் ஆக்கலாமா?

வேண்டாம் தம்பி. எக்ஸாஸ்ட் போர்ட் அகலமாகிவிட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும்.

திருமங்கலத்திலிருந்து: வலது சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை, இன்ஜின் சூடான பிறகும் நிற்கவில்லை. கியர் ஆயிலும் குறைகிறது.

வலது கிராங்க் சீல் போய்விட்டது. கிளட்ச் பக்கத்து ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிக்கிறது. இது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. பயப்பட வேண்டியது இடது சீலுக்கு: அங்கே ஆயில் இல்லை, காற்றுதான் உள்ளே போகும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காது, பிளக் வெளுத்திருக்கும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வாங்கும் முன்பே சோதிக்கலாம். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து, பிளக் ஓட்டை வழியே சைக்கிள் பம்பால் 6 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். ஒரு நிமிஷத்தில் 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் கசிவு. இடது மூடியைக் கழற்றிச் சீல் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை கிளம்பும். வலது சீல் கிளட்சுக்குப் பின்னால் இருப்பதால் அங்கே தடவ முடியாது. கியர்பாக்ஸின் காற்றுப்போக்கியான பிரீதர் வாயில் தடவுங்கள், குமிழ் அங்கே வரும். ஒரு பக்கம் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் மற்றதும் கட்டியாகித்தான் இருக்கும்.

சிம்மக்கல்லிலிருந்து: இன்ஜினுக்குத் தனியே ஆயில் ஊட்டும் பம்பைக் கழற்றிவிட்டார்கள். பெட்ரோலிலேயே கலந்து கொடைக்கானல் போகலாமா?

லிட்டருக்கு 40 மி.லி. 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்து ஏறுவது சிரமமில்லை. இறங்கும்போதுதான் ஆபத்து. ஆக்ஸிலேட்டரை மூடிக் கியரிலேயே இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் வராது. அதோடு வர வேண்டிய ஆயிலும் வராது. சில விநாடிக்கு ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்து மூடுங்கள். முன்னால் டிரம் பிரேக்தான், அதையே பிடித்துக்கொண்டும் இறங்காதீர்கள், சூடேறினால் பிடிக்காது. பம்பு கிராங்க்கோடு சுற்றுவதால் மூடிய ஆக்ஸிலேட்டரிலும் கொஞ்சம் ஆயில் தரும். கிடைத்தால் திரும்ப மாட்டுங்கள். மாட்டியதும் குழாயில் ஒரு குமிழ்கூட இல்லாதபடி காற்றை எடுத்துவிட்டு, முதல் டேங்க் பெட்ரோலில் ஆயிலும் கலந்தே ஓட்டுங்கள்.