கரகாட்டத்தின் பாரம்பரிய உடை எது? இப்போதுள்ள அரைகுறை உடை எப்படி வந்தது?

கேள்வியில் இருக்கும் 'அரைகுறை' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. என் பாட்டியும் அம்மாவும் கரகம் எடுத்து ஆடியவர்கள். நீங்கள் கைபேசியில் யாரோ வெட்டிப் போட்ட காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தவறில்லை, இப்போது பலருக்கும் கரகாட்டம் அப்படித்தான் அறிமுகமாகிறது.

முதலில் ஒன்று. மாரியம்மனுக்குப் பூசாரி வேப்பிலையும் பூவும் சூட்டி எடுத்து வருவது சக்தி கரகம். அது வழிபாடு. நான் சொல்வது ஆட்டக்கரகம்.

பித்தளைச் செம்புக்குள் அரிசியோ மணலோ போட்டு, மேலே பூக்கூடு, உச்சியில் கட்டைக்கிளி. எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். கட்டுவதோ ஒட்டுவதோ கிடையாது. உச்சந்தலையில் உட்காருவதற்காகச் செம்பின் அடியைக் கொஞ்சம் உள்ளே தட்டிவிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் ஆடுகிறவள் குனிந்து தன் காலைப் பார்க்க முடியாது. சேலைக் கரை சலங்கையில் மாட்டினால் ஆளும் கரகமும் கீழே. பாட்டி கண்டாங்கிச் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகியது இதனால்தான். அம்மா காலத்தில் வெல்வெட் துணியில் சமிக்கி வைத்துத் தைத்த சட்டை, முழங்கால் வரை பாவாடை, உள்ளே இறுக்கமான கால்சட்டை என்று ஆனது. ராத்திரி வெளிச்சத்தில் கடைசியில் நிற்பவருக்கும் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் சமிக்கி.

அதற்கும் மேலே ஏற்றியது யார்? ஒரு பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் செட்டு, அதாவது எங்கள் ஆட்டக்குழு, போயிருந்தது. நான் அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒப்பனை முடிந்து அம்மா சலங்கை கட்டும்போது விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, "போன வருஷம் வந்த செட்டுல இவ்வளவு பெரிய பாவாடை கட்டல, இளவட்டங்க உட்கார மாட்டாங்க" என்றார். அம்மா நிமிராமலே, "அண்ணே, நான் ஏணி ஏறி ஆடணும். பாவாடையைப் பார்க்க வந்தவரு ஏணியப் பார்க்க மாட்டாரு" என்றார். அன்றைக்கு ஏணி ஏறி இறங்கி, கரகம் தலையில் இருக்கப் பின்னால் வளைந்து, தரையில் இருந்த ஊசியைக் கண்ணிமையால் எடுத்தார். முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆனாலும் பேசிய பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அந்த ஊருக்கு வேறு செட்டு போனது.

எல்லாச் செட்டும் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. உடையைக் குறைத்து ஆடுகிறவர்களும் இரட்டை அர்த்தத்தில் பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் சம்பளத்தைப் பிடிக்கும் கையை விட்டுவிட்டு, ஆடுகிறவளை மட்டும் கேட்பது நியாயமில்லை. ஆபாச உடையும் நடனமும் கூடாது என்று ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டது. அது சரிதான். ஆனால் நாங்கள் அனுமதி கேட்டுப் போனால் எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்து ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் பக்கம் கோயில் விசேஷம், கல்யாணம், கட்சிக்காரர் வரவேற்பு என்று எதற்கெடுத்தாலும் செண்டை மேளம். செண்டை வாசிக்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர்களும் கலைஞர்கள். ஆனால் இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு என்று உட்காரும் நையாண்டி மேளத்தை யார் கூப்பிடுகிறார்கள்? கரகத்தின் அடி அந்தத் தவிலைக் கேட்டுத்தான் விழும். எங்கள் செட்டில் தவில் வாசித்த மாமா இப்போது சித்தாள் வேலைக்குப் போகிறார்.

உங்கள் ஊர்க் கமிட்டியில் உங்கள் பேச்சு எடுபடும் என்றால் அடுத்த திருவிழாவுக்கு நையாண்டி மேளத்தோடு ஒரு கரகாட்டம் வையுங்கள். எந்த உடை வேண்டும் என்பதை அச்சாரம் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம். சேலை என்றால் சேலையிலேயே ஆடுவார்கள்.