வீட்டைச் சுற்றிக் காற்றாலை இருந்தால் நம் கரண்டில் கார்பன் கிடையாதா?

வள்ளியூர்ப் பக்கம் வீடு, எங்கே திரும்பினாலும் காற்றாலை, ஒரு ஏசி, மாதம் ஒரு சிலிண்டர். எங்கள் வீட்டுக் கணக்கில் எவ்வளவு கார்பன், எதைக் குறைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காற்றாலை வாசலிலேயே சுற்றினாலும் உங்கள் மீட்டருக்கு வருவது கிரிட் (பொது மின் கட்டமைப்பு) கரண்ட்தான். பணகுடி காற்றாலை, கூடங்குளம் அணு உலை, தூத்துக்குடி அனல் மின் நிலையம் எல்லாம் ஒரே கிரிட்டில்தான் சேர்கின்றன. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்று கைகொடுக்கும். மற்ற மாதங்களில், அதிலும் ராத்திரி ஏசி ஓடும் நேரத்தில், பெரும்பாரம் நிலக்கரி மேல்தான். அதனால் நாட்டுச் சராசரியையே பிடியுங்கள்: யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இரண்டு மாத பில் 400 யூனிட் என்றால் 280 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 42 கிலோ, இரண்டு மாதத்துக்கு இரண்டு சிலிண்டர் என்றால் 84.

கார்பனுக்காக மட்டும் கேஸை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாற வேண்டாம். கிரிட் கரண்டில் சமைத்தால் கேஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். மாடியில் சோலார் போட்டு, பகலில் சமைத்தால் கணக்கே வேறு. முதலில் ஃபேனை மாற்றுங்கள். பழையது 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம்.

பில்லில் தெரியாதது ஏசி கேஸ், அதாவது ஏசிக்குள் சுற்றிக் குளிர்விக்கும் வாயு. அதில் ஆர்-410ஏ என்ற வகை ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2,090 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். உங்கள் வீட்டில் நாலு வருஷம் சிலிண்டர் எரித்த கணக்கு அது! ஆர்-32 என்ற வகை என்றால் கிலோவுக்கு 675 கிலோ. வருஷா வருஷம் "கேஸ் குறைஞ்சிருக்கு, போட்டுரலாம்" என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஏசி கேஸ் தானாகத் தீராது. குறைந்தால் எங்கோ லீக். அவுட்டோர் யூனிட்டில் குழாய் சேரும் நட்டைப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெரும்பாலும் அங்கேதான். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லீக்கை அடைத்தபின் வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, யூனிட் லேபிளில் உள்ள எடைக்குத் தராசில் வைத்து நிரப்ப வேண்டும். கை மதிப்பில் ஏற்றினால் கரண்டும் கூடும், கம்ப்ரசரும் கெடும். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டின் காயிலை (கேஸ் ஓடும் வளைந்த குழாய்களை) அரிக்கும்; அதை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள்.

வீடு மாறும்போது கேஸைக் காற்றில் திறந்துவிட விடாதீர்கள். ஏசி ஓடும்போதே சின்னக் குழாய் வால்வை மூடி, அழுத்தம் இறங்கியதும் பெரிய குழாய் வால்வையும் மூடி, உடனே ஆஃப் செய்தால் கேஸ் அவுட்டோர் யூனிட்டிலேயே தங்கும். பழைய ஏசியைக் காயலான் கடைக்குப் போட்டால் செம்புக் குழாயை அறுக்கும்போது அத்தனையும் போய்விடும். கேஸை உறிஞ்சி எடுக்கும் ரிக்கவரி மெஷினும் அதைப் பிடித்துவைக்கக் காலி சிலிண்டரும் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கேஸை எடுத்த பிறகே கொடுங்கள்.